பேர் கூப்பிடும்வரை எழுந்திருக்காதவள்

கரடியூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கனகாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பழைய கதையைத்தான் சொல்வார்கள். சொல்கிறவர் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள். ஆனாலும் நேரில் பார்த்தது போலவே சொல்வார்கள்.

எஸ்டேட்டில் தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் கணக்கெழுதும் ரைட்டர் பேர் கூப்பிடுவார். பேர் வந்ததும் "இருக்கேனுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தால் அன்றைக்கு நீ வேலைக்கு வந்தவள். இல்லையென்றால் நாள் முழுக்க முதுகொடியப் பறித்தாலும் வராதவள்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் புதிதாக வந்த ஒரு ரைட்டர், ஒரு நாள் கனகாவின் பேரை விட்டுவிட்டார். அவளோ ஏழு மாச வயிற்றோடு முன்வரிசையிலேயே நின்றிருந்தாள். பட்டியலை மூடிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். இவளும் காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டாள். சாயங்காலம் மூட்டையைப் போடும்போதுதான், நீ இன்றைக்கு வரவே இல்லையே என்றார் ரைட்டர்.

கனகா சண்டை போடவில்லை. ஆபீஸ் வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். ஒரு நாள் கூலிதானே, தந்துவிடுகிறேன், எழுந்திரு என்றார் ரைட்டர். எழுந்திருக்கவில்லை. மேஸ்திரி வந்து சொன்னார், எழுந்திருக்கவில்லை. புருஷன் கருப்பண்ணன் வந்து பக்கத்தில் நின்றான். அவன் யாரிடமும் எதுவும் சொல்கிற ஆளில்லை, அதனால் சும்மா நின்றான்.

"கூலி கெடக்குதுங்க. எம் பேரக் கூப்பிடுங்க" என்றாள் கனகா.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு ரைட்டர் வேறு வழியில்லாமல் நோட்டைத் திறந்தார். ஆளில்லாத முற்றத்தைப் பார்த்து "கனகா" என்று கூப்பிட்டார். "இருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் எழுந்தாள். அந்த ரைட்டர் அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த மூன்று ரைட்டர்களும் கனகாவின் பேரைக் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு வயிற்றில் இருந்தவள் வனிதா. அம்மாவின் பிடிவாதத்தை அங்கேயே கற்றுக்கொண்டு பிறந்தாள் போலிருக்கிறது. சேலத்தில் காலேஜ் படிக்கும்போதே, சினிமாவுக்குச் சத்தம் பிடிக்கிற வேலைக்குத்தான் போவேன் என்றாள். படம் பிடிப்பது தெரியும், பாட்டுப் பாடுவது தெரியும், சத்தம் பிடிப்பது என்ன வேலை என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்காத வேலை என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் அல்லவா? சென்னைக்கு அவள் பஸ் ஏறிய அன்றிலிருந்து பேச்சு ஆரம்பமானது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். பொட்டப்புள்ள சினிமாவுக்குப் போனால் சத்தம் பிடிக்கவா போகும் என்று குழாயடியில் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கனகா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் அந்தச் சொல் உள்ளேயே கிடந்தது.

போன வருஷம் மழைக்காலத்தில் வனிதா ஒரு பெரிய பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். அம்மாவைச் சமைக்கக்கூட விடவில்லை. கரண்டி சத்தம் வருகிறதாம். அப்பா இருமக் கூடாது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தை இரண்டு நாள் உட்கார்ந்து பிடித்தாள். ஒரு குடைக்குக் கீழே மைக்கை வைத்துக்கொண்டு வாசலிலும் நின்றாள். மழையைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போன பெண்ணைக் கனகா அன்றைக்குத்தான் பார்த்தாள். பைத்தியமா என்று சிரித்தாலும், அத்தனை கவனத்தோடு வேலை செய்கிறவளைப் பார்க்க நெஞ்சு நிறையத்தான் செய்தது. பச்சைக்காயை விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் பறிக்கிற கைக்குத்தானே அந்த நிதானம் தெரியும்.

படம் மார்கழியில் வந்தது. சேலத்தில் ஒரே வாரம்தான் ஓடியது. அது பழம் பறிப்பு மும்முரமான நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. மலை இறங்கிப் போய்ப் பார்க்க நேரம் கிடைத்தபோது தியேட்டரில் வேறு படம் மாட்டியிருந்தார்கள். பொங்கலுக்கு வந்த வனிதா, பரவாயில்லைம்மா, இரண்டு மாசத்தில் போனிலேயே வந்துவிடும், காசு கட்டி வீட்டிலேயே பார்க்கலாம், கடைசியில் என் பேர் வரும், அதுவரை எழுந்திருக்காதே என்றாள்.

அந்தப் பொங்கலன்று இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கனகாவை உத்தமி ஆக்கிவிட்டதாகிவிடும். தங்கம்மாவின் மகன் மாதேஷ் எஸ்டேட் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். கல்யாண வயசுப் பையன், நல்லவன், ஆபத்துக்கு நடுராத்திரியில் எழுப்பினாலும் வண்டி எடுப்பான். சேலத்துக்குப் போய்வரும்போதெல்லாம் புதுப்படங்களைத் திருட்டுத்தனமாக எடுத்த காப்பிகளை மெமரி கார்டில் கொண்டுவந்து லைனுக்கே இலவசமாகக் கொடுப்பான். கனகாவும் வருஷக்கணக்கில் வாங்கிப் பார்த்தவள்தான். அன்றைக்கும் மத்தியானம் ஒன்றைப் போட்டுக்கொண்டு ரசித்துச் சிரித்தாள். வனிதா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள்.

"இது இருநூறு பேரு வேல செஞ்சதும்மா. கேக்காம எடுத்துட்டு வந்திருக்காங்க. கடைசியில ஓடற பேரையும் வெட்டிட்டாங்க, பாரு."

கனகா பார்த்தாள். கதை முடிந்ததும் படம் பட்டென்று நின்றது. படம் முடிந்தபின் பேர்கள் ஓடும் என்பதே அவளுக்கு அதுவரை ஞாபகமில்லை. யார்தான் இருந்து பார்க்கிறார்கள்? வணக்கம் போடுவதற்குள் செருப்பைத் தேடுகிற சனம்தானே நாம். ஆனால் வேலை செய்தவர்கள் பேரை வெட்டிவிட்டார்கள் என்ற வார்த்தை அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அதற்கு மேல் யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மெமரி கார்டைக் கழற்றி மாதேஷிடம் திருப்பிக் கொடுத்தாள். அதன் பிறகு ஒரு படம்கூட வாங்கவில்லை.

மாசியில் வனிதாவின் படம் போனில் வந்தது. வடக்கே ஏதோ பாலைவனத்தில் வேறொரு படப்பிடிப்பில் இருந்த வனிதா, விட்டுவிட்டுக் கேட்கிற குரலில் அதைச் சொல்லிவிட்டு வைத்தாள். கனகா அதைப் பார்ப்பதற்கு முன்பே மாதேஷ் அதன் திருட்டுக் காப்பியைக் கொண்டுவந்துவிட்டான். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, நம்ம வனிதா வேலை செய்த படம் என்ற பெருமையில்தான் கொண்டுவந்தான். கனகா வீட்டைத் தவிர லைனே சேர்ந்து பார்த்தது. கடைசியில் பேர் வரும் என்று கனகா சொல்லியிருந்ததால், அன்றைக்கு அதிசயமாகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். கதை முடிந்தது, படம் பட்டென்று நின்றது.

மறுநாள் குழாயடியில் தங்கம்மா குடத்தை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"படத்த முழுசாப் பாத்துட்டமுங்க. யாரு பேரும் வல்ல. புள்ள உங்ககிட்ட என்னத்தச் சொல்லிட்டுப் போச்சோ."

சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் தண்ணீர் விழுவதையே பார்த்தார்கள். கனகாவுக்குக் காது சுட்டது. மகள் பொய் சொல்கிறவள் என்று ஊரே ஒத்துக்கொண்டது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் என் வீட்டுக்கு வாருங்கள், காசு கட்டி வாங்கிய படத்தைக் காட்டுகிறேன், பேர் வருகிறதா இல்லையா என்று அப்போது பேசிக்கொள்ளலாம் என்றாள். தங்கம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு ஒண்டிக்கடை பஜாருக்குப் போனாள். அங்கே பர்ஹானாவின் மொபைல் கடை இருக்கிறது. பர்ஹானாவின் அப்பா ஜாபர் அலி பல்பும் டார்ச்சும் விற்ற கடை. இப்போது மகள் போன் பார்க்கிறாள், ஆனாலும் பல்பு இன்னும் ஒரு ஓரத்தில் தொங்குகிறது. காசு கட்டி வீட்டில் படம் பார்ப்பதற்கு என்ன வழி என்று கனகா கேட்டதும் பர்ஹானாவின் முகம் மலர்ந்துவிட்டது. வருகிறவர்களில் பாதிப் பேர் மெமரி கார்டை நீட்டி, புதுசா இருந்தா ஏத்திக்குடு என்பார்கள். மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்திருந்தது.

பர்ஹானா பொறுமையாகச் சொன்னாள். சில பழைய படங்களை எடுத்த கம்பெனிக்காரர்களே விளம்பரத்தோடு இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், அதைத் தாராளமாகப் பார்க்கலாம். சில ஆப்புக்கு மாதச் சந்தா கட்டினால் அதில் உள்ளதெல்லாம் பார்க்கலாம். சில படங்களை ஒன்று ஒன்றாக வாடகைக்கு எடுக்கலாம். கனகா தேடி வந்த படம் வாடகைக்குத்தான் இருந்தது. லைனில் சிக்னல் கிடையாது, தண்ணீர் டேங்க் மேட்டில் ஏறினால்தான் ஒரு கோடு வரும். அதற்கும் வழி இருக்கிறது. கடையின் இண்டர்நெட்டிலேயே அந்த ஆப்புக்குள் படத்தை இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாமலே வீட்டில் ஓடும். ஆப்பை விட்டு அது வெளியே போகாது, மாதேஷ் கார்டுக்கு மாற்ற முடியாது. வீட்டுக்குள் வைத்துப் பார்க்கத்தான் இது, திரை கட்டி ஊருக்குப் போடக் கூடாது. என் வீட்டில் பத்துப் பேருக்கு மேல் கால் நீட்டவே இடமில்லை என்றாள் கனகா.

"முப்பது நாள் உள்ளாற எப்ப வேணா பாக்கலாமுங்கக்கா. ஆனா ஓட்ட ஆரம்பிச்சீங்கன்னா நாப்பத்தெட்டு மணி நேரந்தான். அப்புறம் அதுவே மூடிக்கும். பாக்கற அன்னிக்கு மட்டும் தொடுங்க."

கனகா தலையாட்டினாள். கதை முடிந்து பேர் ஓட ஆரம்பித்ததும் படம் சின்னதாகி ஒரு மூலைக்குப் போய்விடும், அடுத்த படத்தைப் பார் என்று ஆப் அவசரப்படுத்தும், அப்போது அந்தச் சின்னப் படத்தைத் தொட்டால் மறுபடி பெரிதாகி விடும் என்றும் பர்ஹானா ஒரு இலவசப் படத்தில் தொட்டுக் காட்டினாள். அதை மட்டும் கனகா நான்கு தடவை செய்து பார்த்துக்கொண்டாள். போனை வைத்தால் பெரிதாகக் காட்டும் ஒரு கண்ணாடிச் சட்டத்தையும், உள்ளங்கையளவு ஸ்பீக்கரையும் பர்ஹானா இரவலாகக் கொடுத்தாள்.

படம் இறங்கிவிட்டது. கனகா பஸ்ஸில் உட்கார்ந்தாள். இங்கேதான் ஆனைக்கு அடி சறுக்கியது. அந்த மலையில் பல்பு வாங்கினால் கடையிலேயே எரியவைத்துப் பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள். டார்ச் என்றால் அடித்துப் பார்ப்பார்கள், ரேடியோ என்றால் திருகிப் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய் எரியவில்லை என்றால் திரும்பி வர ஒரு நாள் கூலி போச்சே. ஜாபர் அலி கடையில் முப்பது வருஷமாக அப்படித்தான் வாங்கியிருக்கிறாள் கனகா. காசு கொடுத்து வாங்கிய படம் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்காமல் எப்படி எடுத்துப் போவது? பார்க்க ஆரம்பிக்கக் கூடாதுதான். ஆனால் எட்டிப் பார்ப்பது பார்ப்பதாகுமா? பஸ் கிளம்புவதற்குள் ஒரு தொடு தொட்டாள். முதல் காட்சி வந்தது, சத்தமும் வந்தது. திருப்தியாக மூடிப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. எட்டுப் பேர் தரையிலும், இரண்டு பேர் கட்டிலிலும் உட்கார்ந்தார்கள். தங்கம்மா சுவரோரம் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். முற்றத்தில் காயப்போட்ட மிளகைக் கோழி கிளறாமல் பார்க்க வேண்டும் என்பதால் வாசலுக்கு நேராக அந்த இடத்தைப் பிடித்திருந்தாள். மாதேஷ் கதவோரம் நின்றான். கருப்பண்ணன் அடுப்பில் டீ வைத்தான். கனகா போனைக் கண்ணாடிச் சட்டத்தில் நிறுத்தி, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொட்டாள். படம் வரவில்லை. இங்கிலீஷில் இரண்டு வரி வந்தது.

மாதேஷ் குனிந்து படித்தான். வாடகை நேரம் நேற்றே முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது என்றான். வியாழக்கிழமை பஸ்ஸில் தொட்ட விரல் கனகாவுக்கு நினைவு வந்தது. அந்த விரலை வெட்டிப் போடலாம் போல இருந்தது.  தங்கம்மா தொண்டையைச் செருமினாள்.

மாதேஷுக்கு மனசு கேட்கவில்லை. "ஏஞ்சித்தி, எங்கிட்ட இருக்கறதையே போட்டறலாமுங்க. அதே படந்தான" என்றான்.

"அதே படமில்ல சாமி. அதுல வேல செஞ்சவங்க யாரும் இல்ல" என்றாள் கனகா. பிறகு எல்லோரையும் பார்த்து, "யாரும் எந்திரிக்காதீங்க. நா போய் வாங்கிட்டு வந்தர்றேன்" என்றாள்.

பஸ் நான்கு மணிக்குத்தான். அவள் காத்திருக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினாள். செருப்பு வார் அறுந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். கோபமும் அவமானமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. தன்னால் அல்லவா பிள்ளை இரண்டாம் தடவையும் பொய்க்காரி ஆனாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தாள்.

ஒண்டிக்கடையில் டூரிஸ்ட் வண்டிகள் நகர முடியாமல் நின்றன. பர்ஹானாவின் கடையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். பர்ஹானா சிரிக்கவில்லை. உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் இதையே செய்துவிட்டு வந்தார்கள், தொட்டுப் பார்ப்பதும் ஆரம்பம்தான் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், இந்தத் தடவை நான் கட்டுகிறேன் என்றாள். கனகா கேட்கவில்லை. தப்பு தன் விரலுடையது, வாடகையும் தன்னுடையதுதான் என்றாள். படம் இறங்குகிறவரை ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை. இறங்கியதும் பர்ஹானாவே, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று கிண்டலாகக் கேட்டாள். கனகா போனைத் துண்டில் சுற்றி, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்தரை. பாதிப் பேர் போயிருப்பார்கள் என்றே நினைத்தாள். ஒருவரும் போகவில்லை. கருப்பண்ணன் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தான். யாரையும் போகாதே என்று அவன் சொல்லவில்லை. நகரவும் இல்லை. மூன்று தடவை டீ கொடுத்திருந்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஆபீஸ் வாசலில் அவள் பக்கத்தில் நின்ற அதே ஆள்தான்.

படம் ஓடியது. தெரிந்த கதைதான், ஒரு வாரத்துக்கு முன் வந்தவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் மாதேஷின் காப்பி தியேட்டரில் யாரோ போனை மடியில் வைத்து எடுத்தது, அதில் கதாநாயகி பேசும்போதெல்லாம் எவனோ இருமினான். இதில் ஒரு இலை விழுவதுகூடக் கேட்டது. பாதிப் படத்தில் கதாநாயகி தனியாக உட்கார்ந்திருக்க, வெளியே மழை பிடித்தது. முதலில் தகரத்தில் நாலு சொட்டு, பிறகு பத்து, பிறகு கூரையே சடசடவென்று இறங்கியது.

தங்கம்மா துள்ளி எழுந்தாள். ஐயோ மிளகு நனையுதே என்று இரண்டு பேரை மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சாக்கைக் கையில் எடுத்தபிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். வானம் சுத்தமாக இருந்தது. முற்றம் காய்ந்து கிடந்தது. உள்ளே மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது.

அறையே குலுங்கிச் சிரித்தது. தங்கம்மா வெட்கத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். கூரையை ஒரு தடவை, போனை ஒரு தடவை பார்த்தாள். "இது நம்ம லைன் மழையாட்டவே இருக்குதே" என்றாள் மெதுவாக.  கனகாவுக்குத் தெரியும், அது இந்தக் கூரைதான். அந்த இரண்டு நாள் அவள் தாளிக்காமல் வைத்த ரசம்கூட அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறது.  இனி பேர் வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, அதெப்படி, வந்தே ஆக வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கதை முடிந்தது. பழக்கதோஷம், எல்லோரும் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்கள். ஒருவர் விளக்கைப் போட்டார். போனில் படம் சின்னதாகி மூலைக்குப் போனது, ஆப் அடுத்த படத்தை நீட்டியது. கனகாவின் விரல் அதற்காகத்தான் காத்திருந்தது. சரியாகத் தொட்டாள். படம் பெரிதாகி, கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பேர்கள் மேலேறத் தொடங்கின.

"உக்காருங்க. வேல செஞ்சவங்க பேரக் கூப்பிடறாங்க" என்றாள்.

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பேர் கூப்பிடும்போது நகரக் கூடாது என்பது எஸ்டேட்டில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பேர்கள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தன. கனகா அஞ்சாவதுவரை படித்தது தமிழ். எழுத்துகள் வேகமாக ஏறிக்கொண்டிருந்தன. கண்ணெதிரே மகள் பேர் போனாலும் தெரியாதே. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் அந்த அறையில் ஒருவன்தான் இருந்தான்.

"மாதேசு, இங்க வா சாமி. நீ படி."

மாதேஷ் தயங்கினான். பிறகு கூட்டத்தைத் தாண்டி வந்து, கண்ணாடிச் சட்டத்துக்கு முன் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஒவ்வொன்றாகப் படித்தான். துணி தைத்தவர்கள், விளக்குப் பிடித்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் பேர் வந்தது. வண்டி ஓட்டியவர்கள் பேரை, பதினோரு பேரையும், அவன் விடாமல் படித்தான். டிரைவருக்கெல்லாம் பேர் போடுவாங்களா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். அதன் பிறகு அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. சமைத்தவர்கள் பேர் வந்தது. இத்தனை பேரையும் வெட்டிவிட்டா மெமரி கார்டில் கொண்டுவந்தேன் என்று அவன் யோசித்தானோ என்னவோ, கழுத்து சிவந்திருந்தது.

அப்புறம் சத்தம் பிடித்தவர்கள் தலைப்பு வந்தது. மாதேஷ் படிப்பதை நிறுத்தினான். கனகா போனைத் தொட்டாள், பேர்கள் அப்படியே நின்றன. மாதேஷ் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான், பிறகு கனகாவைப் பார்த்தான். சினிமாவில் வேலை செய்த இருநூறு பேருக்கு நடுவே, இந்த லைனில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பேர்கள் சேர்ந்தாற்போல நின்றன. கருப்பண்ணன் வாசற்படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தான்.

"சத்தமாப் படி" என்றாள் கனகா.

மாதேஷ் மூச்சை இழுத்துக்கொண்டு, முற்றம்வரை கேட்கும்படி, காலையில் ரைட்டர் கூப்பிடுகிற அதே ராகத்தில் கூப்பிட்டான்.

"வனிதா கருப்பண்ணன்."

கனகா எழுந்து நின்றாள்.

"இருக்காளுங்க" என்றாள்.